கடல் பார்த்த சொகுசு ஃபிளாட்டுக்கு இரண்டு மடங்கு வாடகை தரலாமா?

"கடலோரப் புறநகரில், பன்னிரண்டாவது மாடியில் ஒரு சொகுசு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே கடல்தான். கீழே நீச்சல் குளம், ஜிம், இரண்டு கார் நிறுத்த இடம். இப்போது தரும் வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள், இரண்டு வருட ஒப்பந்தம். தரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவில், "வயதான அம்மாவும் எங்களோடு இருக்கிறார், போன பிறகு ஏமாந்துவிட்டோமே என்று ஆகிவிடக் கூடாது" என்று ஒரு வரி. உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மாத வருமானத்தில் வாடகைக்கு எவ்வளவு போகலாம் என்பதை நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். உங்களை உறுத்துவது வேறு: அன்று காட்டிய வீடு இரண்டு வருடமும் அதே வீடாக இருக்குமா? இல்லாமல் போனால் செலவும் அவஸ்தையும் யார் தலையில் விழும்?

நான் சிவில் இன்ஜினியர். இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருப்புக் கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவதுதான் வேலை. அதில் பாதிக்கு மேல் கடலோரக் கட்டடங்கள். வீடு வாங்குபவர்களுக்காகப் பார்ப்பேன். வாடகைக்கு வருபவர்களுக்காக, சாவி வாங்கும் நாளிலும் திருப்பித் தரும் நாளிலும் வீட்டின் நிலையைப் பட்டியல் எடுத்தும் தருவேன். அதனால் கட்டடத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி நடக்கலாம். ஒப்பந்தம் பற்றிச் சொல்வது, தகராறுகளைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் மட்டுமே. வாடகைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கையெழுத்துக்கு முன்னால் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் அந்தக் கூடுதல் வாடகை எதற்கு என்று பிரித்துப் பாருங்கள். இதே அளவு வீடு, இதே மாதிரி சமையலறை, இதே தரை, கடலை விட்டுத் தள்ளிப் போனால் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது என்றுதானே உங்கள் கணக்கே தொடங்குகிறது. அப்படியானால் மீதிப் பாதி கடல் காட்சிக்கு, காற்றுக்கு, நீச்சல் குளத்துக்கு, லிஃப்ட்டுக்கு, ஜெனரேட்டருக்கு, காவலுக்கு. இவற்றில் ஒன்றுகூட உங்கள் வீட்டுக்காரரின் தனிப் பொறுப்பில் இல்லை. குளத்து மோட்டார் பழுதானால் அவரே அசோசியேஷனிடம் போய்த்தான் நிற்க வேண்டும். ஆனால் நாம் வீடு பார்க்கப் போகும்போது செய்வது என்ன? வீட்டுக்காரர் கையில் இருப்பதை மட்டும், அதாவது அலமாரியையும் பெயிண்டையும் குளியலறைக் குழாயையும் பார்த்துவிட்டு வருகிறோம். கூடுதல் பணம் எதற்குப் போகிறதோ அதைப் பார்ப்பதே இல்லை. என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உள்ளே பத்து நிமிஷம் போதும், வெளியே ஒரு மணி நேரம் சுற்றுங்கள் என்பதுதான்.

சுற்றும்போது தேட வேண்டியது உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும் இடத்தில் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது. அதில் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும், காற்று பலமாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கிலும் போகும். விழுந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கொஞ்சம் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்கரையில் அந்த அளவு ஈரம் இல்லாத நாளே அபூர்வம். அதனால்தான் கடலோர வீடுகளில் தரை எவ்வளவு துடைத்தாலும் பிசுபிசுவென்று இருக்கிறது. அந்தப் பிசுபிசுப்பு ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம். எந்த உலோகத்தின் மேல் அது உட்கார்ந்தாலும் இரவும் பகலும் அரித்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கையும் ஒரு டார்ச்சும் போதும். பால்கனிக்குப் போனதும் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள், நீங்கள் குனிந்து கைப்பிடிக் கம்பி தரையில் ஊன்றும் இடத்தைப் பாருங்கள். அடித்தட்டைச் சுற்றி டீ சிந்திய மாதிரி பழுப்புக் கறை இருந்தால், அது வீட்டுக்குள் புழங்க ஏற்ற சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது 304 ரகமாக இருக்கலாம். கடலோரத்துக்குச் சரியானது 316. அதில் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், உப்பை அது கூடுதலாகத் தாங்கும். வெறும் கறை என்றால் அழகுக் குறை மட்டும்தான், பயப்பட வேண்டாம். 316 ஆனாலும் கழுவாமல் விட்டால் கறை படியத்தான் செய்யும். ஆனால் கையால் பிடித்து ஆட்டும்போது கம்பி அசைந்தாலோ, அடித்தட்டின் ஓரத்தில் தரை வெடித்திருந்தாலோ, அது பாதுகாப்புப் பிரச்சனை. பன்னிரண்டாவது மாடியில் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள்: மழை நேராகப் படும் கம்பியை விட, மேலே கூரை மறைத்து மழை படாத கம்பிதான் அதிகம் துருப்பிடித்திருக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, மறைவான இடத்தில் கழுவ யாரும் இல்லை.

ஒருமுறை குடும்பம் ஒன்றுக்காக இப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், வாசனை கூடப் போகவில்லை. பால்கனிக்குப் போகும் பெரிய கண்ணாடிக் கதவின் கைப்பிடி பளபளவென்று புதிது. கதவைத் திறந்து, ஓரத்தில் இருந்த கீல்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுக் கீலில் நான்கு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டின் தலை துருவில் உதிர்ந்து, ஓட்டையில் பழுப்புப் பொடி மட்டும் மிச்சம். நகத்தால் தொட்டதும் அது கொட்டியது. அவ்வளவு கனமான கண்ணாடியை இரண்டு திருகாணி தாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் அந்தக் கீலைப் பார்த்தே இருக்க மாட்டார். பெயிண்ட் அடிப்பவர் சுவரைத்தான் பார்ப்பார், யாரும் கீலைப் பார்ப்பதில்லை. கீலை மாற்றித் தந்த பிறகே அந்தக் குடும்பம் சாவி வாங்கியது. நீங்களும் ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். நகர்த்தும் கதவு என்றால் அதன் அடிச்சட்டத்தில் மழைநீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். அவை மணலும் உப்பும் சேர்ந்து அடைத்திருந்தால், முதல் பெருமழைக்கே தண்ணீர் உள்ளே வழியும்.

அடுத்தது ஏசி. வாடகைக்கு இருப்பவருக்கு அதிகச் சண்டை வருவது இதில்தான். வெளியே வைக்கும் யூனிட்டில் செம்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடுகள் இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பித்தால் குளிர்ச்சி குறையும், கரண்ட் பில் ஏறும், ஒரு கட்டத்தில் கேஸ் கசியும். கடலைப் பார்த்து வைத்த யூனிட்டுக்கு ஆயுள் குறைவு. மேல்பூச்சு உள்ள தகடும், அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவதும் அந்த ஆயுளை நீட்டும். எத்தனை வருடம் நீளும் என்று ஒரு எண் கேட்டால் சொல்ல மாட்டேன். ஒரே கட்டடத்தில், ஒரே வருடம் வைத்த இரண்டு யூனிட்டில் ஒன்று புதிதாகவும் மற்றது உதிர்ந்தும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, யார் கழுவுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த வருடம் இருக்கும், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

இனி கான்கிரீட். இதைத்தான் நீங்கள் அதிகம் பயந்து கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சர்ஃப்சைட் செய்தியை எல்லோரும் பார்த்தோம். அமெரிக்காவின் புளோரிடாவில், மயாமிக்கு அருகே சர்ஃப்சைட் என்ற கடலோரப் புறநகரில், 1981-ல் கட்டிய சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடி அடுக்ககத்தின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2018-ல், ஒரு பொறியாளர் குழுவின் அறிக்கை எச்சரித்திருந்தது: நீச்சல் குளத்தை ஒட்டிய திறந்த தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டுவிட்டது, கீழே உள்ள கான்கிரீட் பலகைக்குப் பெரிய சேதம் என்று. பழுதுபார்க்கும் செலவை வீட்டு உரிமையாளர்கள் பங்கிட்டுக்கொள்வது பற்றிய பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. உப்புதான் கட்டடத்தைச் சாய்த்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்தத் தளத்தின் வடிவமைப்பே அன்றைய விதிகள் கேட்ட வலிமைக்குக் குறைவாக இருந்தது விசாரணையில் தெரியவந்தது. எனக்கு அதில் பட்ட பாடம், சேதம் எழுத்தில் பதிவான பிறகும் வேலை நடக்காமல் இருந்த அந்த மூன்று வருடம். நல்ல கட்டடத்துக்கும் விரிசல் வரும். விரிசல் வந்ததும் அங்கே என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. அது கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே ஊறிப் போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு வரும் துரு, மூல இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் அது வீங்குவதால் மேல் கான்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கிறது. எனவே எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சில் வலை மாதிரி மெல்லிசாக ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்த விதத்தால் வருவது, விட்டுவிடலாம். கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக, பழுப்புக் கறையோடு ஓடும் விரிசல்தான் கவலைக்குரியது. பால்கனியின் அடிப்பக்கம் இதற்கு முதல் இடம். உங்கள் பால்கனியின் அடியை உங்களால் பார்க்க முடியாது, ஆனால் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் பதிமூன்றாவது மாடி பால்கனியின் அடியைப் பார்க்கலாம். அப்புறம் கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்குப் போங்கள். தூண்களின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு நேர் கீழே கூரையில் சுண்ணாம்பு ஊசி மாதிரி தொங்குகிறதா, தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடுகிறதா, பாருங்கள். விரல் கணுவால் தூணைத் தட்டினால் நல்ல கான்கிரீட் கெட்டியாகச் சத்தம் தரும், உள்ளே பிளந்தது பொள்ளென்று ஒலிக்கும். இதற்கு மேல் கண்ணால் எதுவும் சொல்ல முடியாது, எனக்கும் முடியாது. உள்ளே குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்குத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், வாடகைக்கு வருபவர் அதைச் செய்ய முடியாது. நீங்கள் செய்யக் கூடியது, கடைசியாகக் கட்டமைப்பு ஆய்வு எப்போது நடந்தது, அறிக்கையைக் காட்ட முடியுமா என்று அசோசியேஷனிடம் கேட்பது. சர்ஃப்சைடுக்குப் பிறகு, 2022-ல், புளோரிடா மூன்று மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள அடுக்ககங்களுக்கு 30 வருடத்தில் ஒரு கட்டாய ஆய்வும், பிறகு 10 வருடத்துக்கு ஒருமுறை ஆய்வும் என்று சட்டம் போட்டது. உங்கள் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் கட்டடமாக இருந்தால், கேட்டவுடன் ஃபைலை எடுத்து வைப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் தினமும் கஷ்டப்படுத்துவது அதுதான். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் இரண்டரை சதவீதம் கனம் கூடியது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதன் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. திருப்பிப் போட்டால்தான் அதன் ஆபத்து புரியும்: போர் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழே இருக்கும் உப்பு 40 மீட்டர் மேலேறக் காத்திருக்கிறது. உண்மை நிலத்தில் மண்ணையும் பாறையையும் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் போக்கு அதுதான். ஆகவே கட்டடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வறண்ட மாதங்களில் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு தடவை கேளுங்கள், இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயில் வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்றும், 1000 தாண்டினால் சுவை கெட ஆரம்பிக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும்தான், கிருமியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. குழாய் முனையிலும் ஷவர் தலையிலும் வெள்ளைப் படிவம் தடிமனாக இருந்தால் மீட்டர் கூட வேண்டாம், பதில் அங்கேயே இருக்கிறது.

கடல் காட்சிக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் கூடுதல் வாடகையில் பெரிய பங்கு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காட்சிக்குப் பொதுவாகச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 1610-லேயே இங்கிலாந்தில் ஆல்ட்ரெட் வழக்கில், காட்சி என்பது மகிழ்ச்சிக்கானது, அவசியமானது அல்ல, அதனால் அதை மறைத்தார் என்று வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்று நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். மயாமி பீச்சில் ஃபோன்டன்புளூ, ஈடன் ராக் என்று கடற்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய ஹோட்டல்கள். ஃபோன்டன்புளூ 14 மாடியில் புதுக் கட்டடம் எழுப்பத் தொடங்கியது. குளிர்கால மதியம் இரண்டு மணி முதல் அதன் நிழல் ஈடன் ராக்கின் நீச்சல் குளத்தின் மேல் விழும். ஈடன் ராக் வழக்குப் போட்டது. 1959-ல் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம், பக்கத்து நிலத்தின் மேலே இருந்து வரும் வெயிலுக்கும் காற்றுக்கும் உனக்கு உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு பெரிய ஹோட்டலுக்கே அந்த நிலைமை. அதனால் உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் காலி மனை, பழைய ஒற்றை மாடி வீடு, மூடிய விடுதி என்று எது இருந்தாலும், அதை எதிர்காலக் கட்டடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். காட்சி போவதற்கு முன்னால் மாதக்கணக்கில் கட்டுமானச் சத்தமும் தூசியும் வரும், வாடகைக்கு இருப்பவருக்கு அதுதான் பெரிய இழப்பு. பக்கத்தில் கட்டுமானம் தொடங்கினால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பால்கனியில் உண்மையில் உட்கார முடியுமா என்பதும் காட்சியோடு சேர்ந்ததுதான். உயரம் போகப் போகக் காற்று வேகமாகும். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும், மதியத்துக்கு மேல் அது பலமாக இருக்கும், இரவில் திசை மாறும். தரகர் உங்களைக் காலை பத்து மணிக்கு அழைத்துப் போயிருந்தால் நீங்கள் பார்த்தது அந்த வீட்டின் அமைதியான நேரம். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை போங்கள், நாற்காலி நகர்கிறதா, கதவு அடித்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். கடல் மேற்கே இருந்தால் அந்த நேரத்தில் கண்ணாடிச் சுவர் முழுக்க வெயில் நேராக இறங்கும், அறையில் இருக்கவே முடியாது, திரை போட்டு மூடிவிட்டால் காட்சிக்குக் கொடுத்த வாடகை திரைக்குப் பின்னால். இரவு பத்து மணிக்கும் ஒருமுறை போய் அலைச் சத்தத்தைக் கேளுங்கள். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்குத் தூக்கம் போய்விடும். அம்மாவையும் அழைத்துப் போங்கள்.

அம்மா என்றதும் லிஃப்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது மாடிக்கு எத்தனை லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலம் உள்ளது அதில் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் எத்தனை ஓடும் என்று கேளுங்கள். "நூறு சதவீத பவர் பேக்கப்" என்று விளம்பரத்தில் இருக்கும். வீட்டுக்குள் எந்த எந்த பாயிண்ட்டுக்கு, ஏசிக்கு உண்டா, பொதுவிடத்துக்கு மட்டுமா என்று ஆளைப் பிடித்துக் கேட்டால்தான் விவரம் வரும். யாரைக் கேட்பது? அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை விட, எலக்ட்ரீஷியனையும் வாட்ச்மேனையும் கேளுங்கள். "லிஃப்ட் கடைசியா எப்ப நின்னுச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். லிஃப்ட் குழியிலும் தண்ணீர் ஊறும் கட்டடங்கள் கடலோரத்தில் உண்டு. நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் வாடகைக்கு இருப்பவர்கள் பயன்படுத்த அசோசியேஷன் விதியில் இடம் இருக்கிறதா, விருந்தினரை அழைத்து வரலாமா, தனிக் கட்டணம் உண்டா என்பதை விதிப் புத்தகத்தில் நீங்களே படித்துவிடுங்கள். வீட்டுக்காரர் வாய்ச்சொல் அசோசியேஷனைக் கட்டுப்படுத்தாது.

இப்போது ஒப்பந்தம். நான் பார்த்த முன்பணத் தகராறுகளில் பாதிக்கு மேல் ஒரே வார்த்தையில் வந்து நிற்கும்: "வழக்கமான தேய்மானம்". அதற்கு வாடகைக்கு இருந்தவர் பொறுப்பில்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஆனால் துருப்பிடித்த கீல், கறை படிந்த கம்பி, உதிர்ந்த ஏசித் தகடு, இவை தேய்மானமா, நீங்கள் கவனிக்காமல் விட்ட சேதமா? அதை முன்கூட்டியே எழுதாவிட்டால் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். அதனால் உப்புக் காற்றால் வரும் துருவும் அரிப்பும் தேய்மானத்தில் அடக்கம் என்று வெளிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள். பதிலுக்கு, கம்பிகளையும் கீல்களையும் நல்ல தண்ணீரில் துடைப்பது, ஏசியைக் குறித்த இடைவெளியில் சர்வீஸ் செய்வது என் பொறுப்பு என்று நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். அது நியாயம், வீட்டுக்காரருக்கும் நம்பிக்கை வரும். ஏசி யூனிட்டையே மாற்ற வேண்டி வந்தால் அவர் செலவு, எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்ற கெடுவோடு. லிஃப்ட், குளம் போன்றவை நீண்ட நாள் மூடப்பட்டால் வாடகையில் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதக் கேளுங்கள். மெயின்டனன்ஸ் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா, நடுவில் ஏற்றினால் யார் தருவது, பெரிய பழுதுவேலைக்காக அசோசியேஷன் சிறப்பு வசூல் போட்டால் அது வீட்டுக்காரர் தலையில்தான் என்பதும் எழுத்தில் வர வேண்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா, கடன் ஒப்பந்தம் வாடகைக்கு விட அனுமதிக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், சொகுசு வீடுகளில் இது அடிக்கடி உண்டு. வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான், உங்கள் சோஃபாவுக்கும் டிவிக்கும் காருக்கும் அது வராது. கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவதாக இருந்தால், வெள்ளமும் கடல் கொந்தளிப்பும் உங்கள் காப்பீட்டில் அடங்குமா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள்.

சாவி வாங்கும் நாளில் மொத்த வீட்டையும் வீடியோ எடுங்கள், ஆனால் அது போதாது. வீடியோவில் துரு தெரியாது. கீல், கம்பியின் அடித்தட்டு, ஏசித் தகடு, ஜன்னல் சட்டம், குழாய் முனை, இவற்றைக் கிட்டத்தில் தனித்தனியாகப் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கும் தரகருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து உங்கள் முன்பணத்தைக் காப்பாற்றப் போவது அந்தப் படங்கள்தான்.

தரலாமா என்று நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் இருந்தால், ஆய்வு அறிக்கையையும் அசோசியேஷன் கூட்டக் குறிப்புகளையும் கேட்டதும் காட்டினால், வீட்டுக்காரர் உப்பு அரிப்பு பற்றிய அந்த வரிக்கு ஒப்புக்கொண்டால், தரலாம். கடலைப் பார்த்து விடியும் காலைக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு, அதைப் பார்த்து வாழும் பல குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வரிக்கு மறுத்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும். கட்டடம் சரி, வீட்டுக்காரரும் சரி, ஆனால் இரண்டு வருடம் கட்டிப்போடுவதுதான் தயக்கம் என்றால், ஒரு வருடம் கழித்து இரண்டு மாத அறிவிப்பில் வெளியேறலாம் என்ற ஷரத்தைக் கேளுங்கள், அதற்காக வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அந்த வீட்டில் கழிந்துவிட்டால், அம்மாவுக்கு ஒத்துவருகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.